ஓடைவாய்ச் சேறு

சில ஞாயிற்றுக்கிழமைகளில், கோவிலில் முதல் பாட்டுக்கு எழுந்து நின்று வாயைத் திறக்கும்போதுதான் அற்புதமணிக்குத் தன் குரல் கேட்கும். முந்தின நாள் மதியம் ஆய்வகத்தைப் பூட்டிச் சாவியைக் காவலாளியிடம் கொடுத்தபோது "வாரேன்" என்று சொன்னதுதான் அதற்கு முந்தைய பேச்சாக இருக்கும். பாட்டின் முதல் வரி எப்போதும் கரகரப்பாகவே வரும். இரண்டாம் வரியில் தொண்டை சரியாகிவிடும்.

நாசரேத்தில் அவளுடைய அப்பா பள்ளிக்கூட வாத்தியார். வேதியியல் படித்து முடித்ததும் தூத்துக்குடியில் ஒரு கல்லூரி ஆய்வகத்தில் உதவியாளர் வேலை கிடைத்தது. ஒரு வருஷம் பார்ப்போம் என்று வந்தவளுக்கு இருபத்தெட்டு வருஷம் ஓடிவிட்டது. நடுவில் ஒரு சம்பந்தம் நிச்சயதார்த்தம் வரைக்கும் வந்தது. அந்த மாசமே அப்பா பக்கவாதத்தில் விழுந்தார். மாப்பிள்ளை வீட்டார் ஆறு மாசம் பொறுத்தார்கள், பிறகு வேறு இடம் பார்த்துக்கொண்டார்கள். அப்பாவைத் தூத்துக்குடிக்கே கூட்டிவந்து பதினாறு வருஷம் பார்த்துக்கொண்டாள். 2019இல் அவர் போன பிறகு, அவருக்கு மருந்து கொடுக்கும் நேரங்களில் இன்னமும் கை தானாக அலமாரிப் பக்கம் போகும். தங்கை ஜெப்ஸி மஸ்கட்டில் இருந்தாள். வெள்ளிக்கிழமை வீடியோவில் வருவாள். "சாப்ட்டியாக்கா?" என்று கேட்பாள், பிள்ளைகளைக் கூப்பிட்டு "பெரியம்மாவுக்கு டாட்டா சொல்லுங்க" என்பாள். அவ்வளவில் அது முடிந்துவிடும்.

2022இல் கல்லூரியில் பேராசிரியர் கிங்ஸ்டனுக்கு ஒரு ஆய்வுத் திட்டம் கிடைத்தது. நகரத்தின் மழைநீர் வடிகால்களில் பாதி நெடுவோடையில் வந்து விழும், நெடுவோடை கடலில் போய் விழும். மழை தெருக்களிலிருந்து எதையெல்லாம் வாரிக்கொண்டு வருகிறது, அதில் எவ்வளவு ஓடையின் அடிச்சேற்றில் தங்கிவிடுகிறது என்று பார்ப்பதுதான் வேலை. முதல் தடவை நாலு மாணவர்கள் போனார்கள். சேற்று வாடை மூன்று நாளைக்குக் கையைவிட்டுப் போகவில்லை என்று அடுத்த மாசம் ஒருவரும் வரவில்லை.

"நான் போய் எடுத்துட்டு வாரேன் சார்" என்றாள் அற்புதமணி.

கிங்ஸ்டனுக்கு அவளைவிடப் பதினைந்து வயது குறைவு. "நீங்களா மேடம்? வெயில்ல சிரமமா இருக்குமே" என்றார்.

"வீட்டுல சும்மாதான் சார் இருக்கேன்."

மாசம் ஒரு சனிக்கிழமை ஆட்டோவில் கிளம்புவாள். ஐஸ் பெட்டி, சேற்றில் அடித்து இறக்க ஒரு முழ நீளத்துக்கு வெட்டிய பிவிசி குழாய்கள், ரப்பர் சுத்தியல், பிளாஸ்டிக் கரண்டி. இரும்புக் கரண்டி ஆகாது, அதிலிருந்தே உலோகம் சேற்றில் ஒட்டிவிடும். பஜார்ப் பாலத்தில் தொடங்கி, பட்டறைகளின் பின்பக்கம், லாரி ஸ்டாண்டுப் பாலம் என்று இறங்கிக் கடைசியில் ஓடை கடலைத் தொடும் வாயில் முடியும். கொண்டுவந்த சேற்றை அடுப்பில் காயவைத்து, இடித்து, மாவுச் சல்லடையைவிட நுண்ணிய சல்லடையில் சலித்து, அமிலத்தில் கரைத்து, உலோகங்களின் அளவைச் சொல்லும் இயந்திரத்தில் ஏற்றுவாள்.

அந்த ஐப்பசியில் முதல் மழை பெய்த மதியம் லாரி ஸ்டாண்டுப் பாலத்தில் குடை பிடித்துக்கொண்டு நின்றாள். வெயில் மாசங்கள் முழுக்கத் தெருவில் சேர்ந்ததெல்லாம் ஒரே நேரத்தில் இறங்கி வந்தது. டயர் தேய்ந்த பொடி, பிரேக் கட்டை தேய்ந்த பொடி, லாரிகள் ஒழுகவிட்ட ஆயில், பழைய பேட்டரிகளைப் பிரிக்கிற கடைகளின் வாசல் மண். அரை மணி நேரத்துக்குத் தண்ணீர் மை மாதிரி வந்தது. அப்புறம் செம்மண் நிறம். மறுநாள் போய்ப் பார்த்தபோது ஓடை தெளிந்து, போத்தலில் பிடித்தால் மறுபக்கம் தெரிந்தது. அந்தத் தண்ணீரைச் சோதித்தால் எல்லாம் அளவுக்குள்தான் இருந்தன. அந்தக் கறுப்பு எங்கேயும் போய்விடவில்லை என்பது அவளுக்குச் சேற்றைச் சலிக்கும்போது தெரிந்தது. நுண்ணிய மண்ணோடு ஒட்டிக்கொண்டு, ஓட்டம் தளர்கிற இடத்தில், அதாவது ஓடைவாயில், அது போய் உட்கார்ந்திருந்தது.

அந்த ஓடைவாயில்தான் அவள் சீனித்தாயைச் சந்தித்தாள். கடல் வற்றியிருந்த ஒரு காலை, குழாயை இறக்கப் போனவளுக்கு இரண்டு காலும் முட்டிவரை புதைந்துவிட்டன. இழுக்க இழுக்க உள்ளே போயின. சுற்றிலும் ஆள் நடமாட்டம் இல்லை. கூப்பிட வாயெடுத்தவளுக்கு யாரை என்ன பெயர் சொல்லிக் கூப்பிடுவது என்று தெரியவில்லை.

"அசையாதிய! மேல இழுத்தா உள்ளதான் போவும்!" என்று தூரத்திலிருந்து ஒரு குரல் வந்தது. "சாஞ்சு படுங்க. சேத்து மேலயே படுங்க. துணி போனாப் போவுது."

படுத்தாள். குரலுக்குரியவள் பிளாஸ்டிக் கூடையும் பழைய அரிவாளுமாக வந்து, அவளுடைய முட்டிக்குப் பின்னால் கையைவிட்டுச் சேற்றை இளக்கி, ஒவ்வொரு காலாக எடுத்துவிட்டாள். நாற்பது தாண்டிய, ஒல்லியான பெண். கூடையில் பாதிக்கு மட்டிகள், சேற்றுக்குள் கிடக்கும் சிப்பி வகை. வற்றின நேரத்தில் சேற்றைக் கிளறி அவற்றைப் பொறுக்கி விற்பதுதான் அவள் பிழைப்பு.

"டீச்சரா நீங்க?"

"இல்ல. காலேஜ் லேப்ல வேலை பாக்கேன்."

"அப்பம் டீச்சர்தான்" என்றாள் சீனித்தாய். தலையிலிருந்து கால்வரை கறுத்து நின்ற அற்புதமணியைப் பார்த்து அவளுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. அற்புதமணியும் சிரித்தாள். கடைசியாக எப்போது அப்படிச் சிரித்தோம் என்று ஆட்டோவில் திரும்பும்போது யோசித்துப் பார்த்தாள்.

பிறகு ஒவ்வொரு தடவையும் எங்கே கால் வைக்கலாம், எங்கே கூடாது என்று சீனித்தாய் முன்னால் நடந்து காட்டினாள். வேலை முடிந்ததும் இருவரும் கரையில் கவிழ்த்துப் போட்டிருந்த படகின் நிழலில் உட்காருவார்கள். சீனித்தாயின் புருஷன் ஏழு வருஷத்துக்கு முன்னால் கடலுக்குப் போய்த் திரும்பாதவன். ஒரே மகள் முத்துமாரியைக் கட்டிக்கொடுத்தாயிற்று. அவள் இதையெல்லாம் ஒரு மூச்சில் சொல்லுவாள், சொல்லிவிட்டு அடுத்த பேச்சுக்குப் போய்விடுவாள். தூக்குவாளியில் மட்டிக் குழம்பு கொண்டுவந்து, "ஒரு வாய் தின்னு பாருங்க டீச்சர்" என்பாள். அற்புதமணி எலுமிச்சஞ்சாதம் கொண்டுபோவாள்.

மாசம் ஒரு தடவை போதும் என்பதுதான் திட்டம். மூன்றாம் மாசத்திலிருந்து அற்புதமணி எல்லாச் சனிக்கிழமையும் போனாள். போனதற்கு ஒரு காரணம் வேண்டுமே என்று ஓடைவாயில் ஒரு குப்பிச் சேறு எடுத்துக்கொள்வாள். தேதி எழுதி ஒட்டி, ஆய்வகத்தின் கடைசி அலமாரியில் வைத்துவிடுவாள்.

ஒரு வருஷம் கழித்து கிங்ஸ்டன் அந்த அலமாரியைத் திறந்துவிட்டார்.

"என்ன மேடம் இது, வாரா வாரம் எடுத்திருக்கீங்க?"

அவளுக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. "சும்மா... கெடக்கட்டும்னு எடுத்தேன் சார்."

"சும்மாவா? ஒவ்வொரு மழைக்கு முன்னாலயும் பின்னாலயும் இருக்கே! இது மாதிரி யாருகிட்டயும் இருக்காது" என்று அவர் மகிழ்ந்துபோனார். எல்லாவற்றையும் சோதிக்கச் சொன்னார். மழைக்கு மழை காரீயமும் துத்தநாகமும் ஒரு படி ஏறியிருந்தது தெரிந்தது. அந்தக் குப்பிகள் எதற்காக எடுக்கப்பட்டவை என்று அவள் கடைசிவரை சொல்லவில்லை.

2023 டிசம்பரில் அந்த வெள்ளம் வந்தது. ராத்திரியும் பகலும் விடாமல் கொட்டித் தெருவெல்லாம் இடுப்பளவுத் தண்ணீர். அற்புதமணி இருந்தது மாடி வீடு. கீழ்வீட்டுக்காரர்கள் காயல்பட்டினத்தில் ஒரு நிக்காஹ்வுக்குப் போனவர்கள் அங்கேயே மாட்டிக்கொண்டார்கள். கரண்ட் இல்லை, இரண்டாம் நாள் கைபேசியும் அணைந்துவிட்டது. மாடிச் சுவரில் கையை ஊன்றித் தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றாள். எண்ணெய்ப் படலம் வானவில் மாதிரி விரிந்து போயிற்று. செருப்புகள், மருந்து அட்டைகள், ஒரு மேசை விசிறி. எல்லாம் ஓடைப் பக்கமாகவே போய்க்கொண்டிருந்தன.

மூன்றாம் நாள் படகில் இரண்டு பேர் வந்து, "மாடியில எத்தன பேரு?" என்று கத்தினார்கள்.

"ஒரு ஆளு."

"ஒரு ஆளுதானா?"

"ஆமா. நான் மட்டுந்தான்."

ஒரு பால் பாக்கெட்டும் ரொட்டியும் கயிற்றில் கட்டி ஏற்றிவிட்டுப் போனார்கள். ரொட்டியைக் கையில் வைத்துக்கொண்டு அவள் நினைத்தது ஜெப்ஸியை அல்ல, ஓடைக்கரையில் தகரக் கூரைக்குக் கீழே இருக்கும் சீனித்தாயை.

தண்ணீர் வடிந்ததும் வண்டி கிடைக்கவில்லை. ஒன்றரை மணி நேரம் நடந்து ஓடைவாய்க்குப் போனாள். சீனித்தாய் கவிழ்த்த படகின்மேல் பாயைக் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். வீட்டின் ஒரு சுவர் இல்லை.

"உசுரோட இருக்கேன் டீச்சர்" என்றாள். உடனே, "நீங்க ஒத்தையில என்ன செஞ்சிய?" என்று கேட்டாள்.

அற்புதமணி பாயின் மறுமுனையைப் பிடித்து இழுத்து விரித்தாள்.

ஓடைவாய் முழுக்க ஒரு சாண் உயரத்துக்குப் புதுச் சேறு படிந்திருந்தது. வாரங்கள் கழித்து அங்கே குழாய் இறக்கி எடுத்ததை ஆய்வகத்தில் நெடுக்காக அறுத்துப் பார்த்தார்கள். அடியில் சாம்பல் நிற மணலும் சிப்பித் துண்டுகளும். அதற்கு மேல் கோடு கோடாகக் கறுப்பு. உச்சியில் தார் மாதிரி ஒரு தடித்த அடுக்கு. காரீயம் அடியில் இருந்ததைப்போலப் பல மடங்கு. சேற்றில் இவ்வளவு இருந்தால் சேற்றைத் தின்று வாழ்வதில் எவ்வளவு இருக்கும் என்று கிங்ஸ்டன் கேட்டார்.

அடுத்த சனிக்கிழமை அற்புதமணி சீனித்தாயின் கூடையிலிருந்து இரண்டு கை மட்டி வாங்கினாள்.

"குழம்பு வைக்கவா டீச்சர்?"

"லேப்ல பாக்கணும்."

"இதுல என்னத்தப் பாக்கப் போறிய" என்று சீனித்தாய் இன்னும் ஒரு கை அள்ளிப் போட்டாள்.

பிப்ரவரி கடைசியில் ஒரு புதன்கிழமை முடிவு வந்தது. தின்னக்கூடிய அளவைக் காரீயம் தாண்டியிருந்தது. கிங்ஸ்டன் திரையை அவள் பக்கம் திருப்பினார்.

"ஒரு தடவைதான் பாத்திருக்கோம் மேடம். இன்னும் ரெண்டு தடவை பாத்து உறுதி பண்ணுவோம். அதுவரைக்கும் வெளிய சொல்ல வேண்டாம். நாம சொன்னது தப்பாப் போச்சுன்னா அத்தனை பேரு பொழப்பும் போயிரும்."

அவர் சொன்னது நியாயமாகத்தான் பட்டது. அற்புதமணி ராப்பகலாக அதையே செய்தாள். சந்தையில் அதே ஓடைவாய் மட்டியை வேறு ஆட்களிடம் வாங்கி வந்து, உடைத்து, காயவைத்து, கரைத்தாள். இரண்டாம் தடவையும் அதே. மூன்றாம் தடவையும் அதே. அந்த மூன்று சனிக்கிழமையும் அவள் ஓடைவாய்ப் பக்கம் போகவில்லை. போனால் முகத்தில் தெரிந்துவிடும் என்று பயம்.

நாலாவது சனிக்கிழமை போனாள். சீனித்தாய் தூரத்திலேயே பார்த்துவிட்டுக் கையாட்டினாள்.

"எங்க போனிய இத்தன நாளா? காய்ச்சலோன்னு நெனச்சேன். வீடு தெரிஞ்சா வந்து பாத்திருப்பேன்." தூக்குவாளியைத் திறந்தாள். "முத்துமாரி உங்களுக்குன்னு தனியா எடுத்து வச்சா. வெள்ளத்துல அவ வீடு போச்சுல்லா, எங்கூடத்தான் இருக்கா. நாலு மாசம் டீச்சர்! சோறு கண்டா ஓங்கரிக்கா. இந்த மட்டிக் குழம்பு ஒண்ணுதான் உள்ள எறங்குது."

அற்புதமணி வாளியின் மூடியை எடுத்து மூடினாள்.

"சீனித்தாய், அவளுக்கு இத இனிமே குடுக்காத. நீயும் திங்காத."

"ஏன்? ருசி இல்லியா?"

"இந்த மட்டியில காரீயம் இருக்கு. சோதிச்சுப் பாத்துட்டோம்."

"ஈயமா? ஈயச் சட்டியில ரசம் வைக்காகளே, நல்லதுன்னு சொல்லுவாகளே."

"அது வெள்ளீயம், வேற. இது பேட்டரிக்குள்ள இருக்குமே, அது. மழை பெஞ்சா ரோட்டுல கெடக்கது எல்லாம் ஓடையில வந்து, இங்கன சேத்துல தங்கிருது. மட்டி சேத்துலதானே கெடக்கு, அதுக்குள்ளயும் போயிருது. வயித்துப் புள்ளைக்கு ஆகாது. மூளைய பாதிக்கும்."

சீனித்தாய் ஓடையைப் பார்த்தாள். தண்ணீர் தெளிந்து, அடியில் நண்டு ஓடுவது தெரிந்தது. "தண்ணி நல்லாத்தான கெடக்கு" என்றாள் மெதுவாக. பிறகு திரும்பி, "எப்பம் தெரியும் உங்களுக்கு?" என்று கேட்டாள்.

பொய் சொல்லியிருக்கலாம். "மூணு வாரமா" என்றாள் அற்புதமணி.

"மூணு வாரமா."

"உறுதி பண்ணிட்டுச் சொல்லலாம்னு..."

"மூணு வாரமா எம்புள்ள தின்னுக்கிட்டு இருக்கா. வேண்டாம்னு ஒரு வார்த்த சொல்லக் கூடாதா? உறுதி ஆகலன்னா நாலு நாளு திங்காம இருந்துட்டுப் போறோம். எங்களுக்கு என்ன, செத்தா போயிருவோம்?"

சீனித்தாய் கூடையைத் தூக்கினாள். ஓடைவாயின் ஓரம் வரை போய், காலையிலிருந்து பொறுக்கின அத்தனை மட்டியையும் தண்ணீரில் கொட்டினாள். தூக்குவாளியையும் கவிழ்த்தாள். திரும்பிப் பார்க்காமல் வீட்டுப் பக்கம் நடந்தாள்.

அதற்குப் பிறகு நாலு சனிக்கிழமை அற்புதமணி போனாள். சீனித்தாய் வரவில்லை. வேறு பெண்கள் இருந்தார்கள். சேதி பரவி, வாங்குகிறவர்கள் நின்றுபோயிருந்தார்கள். "படிச்சவன்னு வந்து எங்க வயித்துல அடிச்சுட்டா" என்று ஒருத்தி இவள் காதுபடவே சொன்னாள். சீனித்தாய் இறால் உரிக்கும் கம்பெனிக்குப் போகிறாள், விடியுமுன் வேன் வந்து ஏற்றிக்கொண்டு போகிறது, இருட்டிய பிறகுதான் திரும்புகிறாள் என்று அவர்களில் ஒருத்திதான் சொன்னாள்.

ஜூனில் திட்டம் முடிந்தது. கிங்ஸ்டனுக்கு வெளிநாட்டில் வேலை கிடைத்தது. போகுமுன் அவரும் அற்புதமணியும் வடிகால் வேலைகளைப் பார்க்கும் அலுவலகத்துக்கு அறிக்கையோடு போனார்கள். அங்கே இருந்த பொறியாளர் முத்துக்குமரன் பொறுமையாகவே கேட்டார். ஒரு படிவத்தை எடுத்து மேசையில் வைத்தார்.

"தண்ணி ரிப்போர்ட் எல்லாம் லிமிட்டுக்குள்ள இருக்கேம்மா. சேத்துக்குன்னு இந்தப் ஃபார்ம்ல ஒரு கட்டமே கிடையாது. நான் எதுல எழுத?"

"எழுத வேண்டாம் சார்" என்றாள் அற்புதமணி. "லாரி ஸ்டாண்டுப் பாலத்துக்கு முன்னால ஒரு தொட்டி கட்டுங்க. முதல் மழைத் தண்ணி அதுல செத்த நேரம் நின்னு போனாப் போதும், பாதி அங்கனயே தங்கிரும்."

அந்த அறையில் இருந்தவர்கள் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். இருபத்தெட்டு வருஷமாகப் பேராசிரியர்களுக்குப் பின்னால் நின்ற அவளுக்கும் தன் குரல் அந்நியமாக இருந்தது. பொறியாளர் ஒரு தாளில் எதையோ குறித்துக்கொண்டார்.

ஆகஸ்டில், மீன் கொண்டுவருகிற பெண் சொல்லித்தான் முத்துமாரிக்குப் பிள்ளை பிறந்தது தெரிந்தது. அற்புதமணி ஒரு துண்டும் சோப்பும் வாங்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனாள். வார்டு வாசலில் ஐந்து நிமிஷம் நின்றுவிட்டுத்தான் உள்ளே நுழைந்தாள். சீனித்தாய் எழுந்து, "வாங்க மேடம்" என்றாள்.

டீச்சர் என்று சொல்லவில்லை. முகத்தில் கோபம் எதுவும் இல்லை. புது ஆளுக்குக் காட்டுகிற மரியாதை இருந்தது.

"டாக்டரம்மாகிட்ட விசயத்தச் சொன்னேன். அப்பவே முத்துமாரிக்கு ரத்தம் எடுத்து வெளியூருக்கு அனுப்பிப் பாத்தாக. பயப்பட ஒண்ணுமில்லன்னுட்டாக. நேரத்தோட நிறுத்துனது நல்லதுன்னாக." பிள்ளையின் துணியை விலக்கி, "பொம்பளப் புள்ள. பாருங்க" என்றாள்.

அற்புதமணி குனிந்து பார்த்தாள். பிள்ளை தூங்கிக்கொண்டிருந்தது. கையில் வாங்கிக்கொள்ளச் சொல்வார்கள் என்று சற்று நேரம் நின்றாள். யாரும் சொல்லவில்லை. துண்டையும் சோப்பையும் கட்டில் ஓரத்தில் வைத்துவிட்டு, "வாரேன்" என்றாள். "சரிங்க மேடம்" என்றாள் சீனித்தாய், படிக்கட்டு வரை கூடவே வந்து நின்றாள்.

அக்டோபரில் கல்லூரிக்குப் போகும் வழியில் பார்த்தபோது, லாரி ஸ்டாண்டுப் பாலத்துக்கு முன்னால் நிஜமாகவே ஒரு தொட்டி கட்டியிருந்தார்கள். சின்னதுதான். முதல் மழை முடிந்த மூன்றாம் நாள் அதில் கறுப்புச் சேறு விளிம்புவரை நின்றது. ஆட்கள் அதை வாரி ஓடைக்கரையில் குவித்துக்கொண்டிருந்தார்கள். அற்புதமணி பேருந்திலிருந்து இறங்கி ஓடினாள்.

"கரையில போடாதிய! அடுத்த மழைக்கு மறுபடி உள்ளதான போவும்!"

"எங்களுக்கு வாரத்தான் சொல்லியிருக்கு" என்றார் மேஸ்திரி.

அங்கேயே நின்று முத்துக்குமரனுக்குப் போன் செய்தாள். முதல் தடவை எடுக்கவில்லை. நாலாவது தடவை எடுத்தார். கால் மணி நேரம் பேசினாள். ஒரு மணி நேரம் கழித்து டிப்பர் லாரி ஒன்று வந்தது. ஓட்டி வந்தவர் பெயர் சிவனாண்டி. ஊருக்கு வெளியே குப்பைக் கிடங்கில் மேடான ஒரு மூலையில் கொட்டச் சொல்லியிருக்கிறார்கள் என்றார்.

"நானும் வாரேன்" என்றாள்.

"எதுக்கும்மா?"

"அங்கனதான் கொட்டுதியளான்னு பாக்கணும்."

அவர் ஒரு கணம் முறைத்தார், பிறகு சிரித்துவிட்டு மறுபக்கக் கதவைத் திறந்துவிட்டார். கல்லூரிக்கு அரைநாள் விடுப்பு சொல்லிவிட்டு ஏறி உட்கார்ந்தாள். போகிற வழியில் சேற்றுக்கு எதற்கு இத்தனை பாடு என்று அவர் கேட்டார். டயரும் ஆயிலும் ஓடையும் மட்டியும் என்று அவள் சொல்லிக்கொண்டே வந்தாள். சிவனாண்டி கேட்டுவிட்டு, "நம்ம வண்டியும் ஒழுகத்தான் செய்யுது" என்றார். கிடங்கில் டிப்பர் தூக்கிக் கொட்டி முடியும்வரை அவள் வெயிலில் நின்று பார்த்தாள். திரும்பும்போது பேருந்து நிலையத்தருகே இறக்கிவிட்டார்.

இறங்கியவள் கதவைச் சாத்தாமல் பிடித்துக்கொண்டு, "அடுத்த லோடு எப்பம்?" என்று கேட்டாள்.

"நாளைக்குக் காலைல எட்டு மணிக்கு."

"நான் பாலத்துல நிக்கேன்" என்றாள் அற்புதமணி.